‘லெஜண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலம் பயிலும் நம் இல்லத்துச் சிறார் ‘லெஜண்ட்’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால், பெரியோர் பலர் ‘கட்டுக்கதை’ என்று ஒரே சொல்லில் விடையளித்து விடுகின்றனர். அவ்விடை முற்றிலும் தவறன்று. ஆனால் கால் பங்கே சரியானது. தீர்த்தங்கரர் சரிதத்தை ஆங்கில நூலொன்று இச்சொல்லால் குறித்திருக்கக் கண்டு, “அப்படியானால் அது பொய்தானா?” என்று பிள்ளை கேட்கும்போது, அந்தக் கால் பங்கு விடை போதாது. ஆகவே இச்சொல்லின் வரலாற்றைச் சிறிது விரித்துக் காண்போம்.

இதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. ‘லெகெரே’ என்பது படித்தலைக் குறிக்கும் வினை. அதிலிருந்து பிறந்த ‘லெகெண்டா’ என்பதற்குப் ‘படிக்கப்பட வேண்டியவை’ என்பது பொருள். இடைக்கால ஐரோப்பாவில் கிறித்துவத் துறவியர் மடங்களில், புனிதர் ஒருவரின் திருநாளன்று அவரது வாழ்க்கை வரலாற்றை உரக்கப் படிப்பது வழக்கம். அவ்வாறு படித்தற்குரிய பகுதியே லெகெண்டா எனப்பட்டது. மெய்யா, பொய்யா என்னும் வினாவுக்கு அச்சொல்லில் இடமே இல்லை. ஸ்ரீபுராணம் படிக்கக் கேட்டு வளர்ந்த நமக்கு இப்பொருளை மிகுதியாக விளக்க வேண்டுவதில்லை.

13ஆம் நூற்றாண்டில் யாக்கோபுஸ் டி வொராஜினே என்னும் இத்தாலியத் துறவி இத்தகைய வரலாறுகளைத் தொகுத்தார். ‘பொன் லெஜண்ட்’ எனப் பெயர் பெற்ற அத்தொகுப்பு ஐரோப்பா முழுவதும் படியெடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் முதன்முதல் அச்சுக்கூடம் அமைத்த வில்லியம் காக்ஸ்டன் 1483இல் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர் 16ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தம் எழுந்தது. சீர்திருத்தத்தார் புனிதர் வழிபாட்டையும் அற்புதச் செயல்களையும் மறுத்தனர்; அவற்றைச் சொன்ன நூலின் பெயரும் மதிப்பிழந்தது. ‘நம்பத்தகாத பழங்கதை’ என்னும் பொருள் இச்சொல்லின் மீது ஏறியது இதற்குப் பின்னரே. ஒரு நாட்டின் சமயப் பூசலில் பிறந்த இகழ்ச்சியை, அப்பூசலோடு தொடர்பே இல்லாத நம் நூல்களின் மீது நாமே சுமத்துவானேன்?

பழைய பொருள் இன்றும் அழிந்துவிடவில்லை. நாணயத்தில் பொறித்த எழுத்தும் லெஜண்ட்; நிலப்படத்தின் ஓரத்தில் குறியீடுகளை விளக்கும் பகுதியும் லெஜண்ட். இரண்டும் படித்தற்குரியவை அல்லவா? புவியியல் வகுப்பில் இதனைச் சுட்டினால் மாணவர் மறவார். பெரும்புகழ் பெற்ற பாடகரையும் விளையாட்டு வீரரையும் இச்சொல்லால் அழைப்பது பிற்காலத்து வழக்கு. நாளேடுகள் அதனை வாரி வழங்குவதால் அதன் எடை குறைந்து போயிற்று என்பது என் கருத்து.

கதைகளை ஆராயும் அறிஞர் இச்சொல்லை வரையறுத்தே ஆள்கின்றனர். அமெரிக்க அறிஞர் வில்லியம் பாஸ்கம் 1965இல் எழுதிய கட்டுரையில் மூன்று வகை கூறுகிறார். உலகம் இன்றுள்ள நிலையை அடையுமுன் நிகழ்ந்ததாக நம்பிச் சொல்வது ‘மித்’. நாமறிந்த உலகில், மனிதர் வாழ்வில் நிகழ்ந்ததாகச் சொல்வது ‘லெஜண்ட்’. கற்பனை என்று அறிந்தே சொல்வது நாட்டுப்புறக் கதை. சொல்வோரும் கேட்போரும் அதனை எவ்வாறு கொள்கின்றனர் என்பதே இங்கு அளவுகோல். அது மெய்தானா என்று தீர்ப்புக் கூறுவது அவர் நோக்கமன்று. தமிழில் ‘மித்’ என்பதைத் தொன்மம் என்கிறோம். லெஜண்டுக்கு இடத்திற்கேற்பச் சரிதம் என்றோ, பழமரபுக் கதை என்றோ எழுதலாம். எழுதியவர் ஐயத்தோடு எழுதியிருக்கிறார் என்பது வாக்கியத்திலேயே தெளிவாக இருந்தாலன்றிக் கட்டுக்கதை என்று பெயர்க்கலாகாது.

இனி, நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ‘பொன் லெஜண்ட்’ நூலில் ஜோசபாத் என்னும் இந்திய இளவரசனின் வரலாறு உள்ளது. அவன் பர்லாம் என்னும் துறவியின் உபதேசம் கேட்டு அரசைத் துறக்கிறான். இது புத்தர் வரலாறே. போதிசத்துவர் என்னும் பெயர் அரபு, ஜார்ஜிய, கிரேக்க மொழிகளைக் கடந்து சென்று ஜோசபாத் எனத் திரிந்தது. மேலை நாட்டினர் நெடுங்காலம் அவனைக் கிறித்துவப் புனிதனாகவே போற்றினர். புத்தர் வரலாற்றோடு உள்ள ஒற்றுமையை அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் விளக்கிக் காட்டினர்.

அந்த வரலாற்றினுள் பர்லாம் கூறும் உவமை ஒன்று வருகிறது. கொடிய விலங்கு துரத்த ஒருவன் ஓடிப் படுகுழியில் விழுகிறான். இடையில் ஒரு சிறு மரத்தைப் பற்றித் தொங்குகிறான். வெள்ளெலியும் கருப்பெலியும் அதன் வேரைக் கறிக்கின்றன. கீழே வாய் பிளந்த பெரும்பாம்பு. அவனோ கிளையில் துளிர்த்த தேனைச் சுவைத்து யாவற்றையும் மறக்கிறான். இது நாம் அறிந்த மதுபிந்து உவமையே அன்றோ! நம்மிடம் துரத்துவது யானை. அங்கே ஒற்றைக் கொம்பு விலங்கு. பிள்ளைகள் அந்நூலில் இதனைப் படிக்க நேர்ந்தால், உடனே சூளாமணியைத் திறந்து, யானை துரத்தக் குழியில் தொங்குபவன் தேன்துளி நக்கும் செய்யுளை எடுத்துக் காட்டுங்கள்.