பனியன் பற்றி ப்ராஜெக்ட் எழுதும் பிள்ளைகளுக்குப் பயனுள்ள குறிப்புகள்

சேவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரி ப்ராஜெக்ட் என்றதும் பனியன் தொழிலைத்தான் எடுக்கிறார்கள். எதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துகொண்டால் திருட்டுப் பட்டம் வராது.

1. ஊரறிந்த செய்திக்கு ஆதாரம் தேவையில்லை. திருப்பூர் நொய்யல் கரையில் இருப்பது, 2009-ல் தனி மாவட்டமானது, சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது எல்லாம் தாராளமாக எழுதலாம்.

2. எண் வந்தால் எடுத்த இடமும் வர வேண்டும். ஏற்றுமதி இத்தனை கோடி என்றால் யார் கணக்கு, எந்த ஆண்டு? சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை ஏலம் நடப்பது நமக்கெல்லாம் தெரியும். விலையை எழுதினால் ஏலத் தேதியையும் சேர்க்கவும்.

3. அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். காட்டில் பாடுபட்ட கவுண்டர்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து பிறகு முதலாளியானது பலருக்கும் தெரிந்த கதை. அந்தப் பாடே அவர்களுக்கு மூலதனம் போல உதவியது என்று விளக்கியவர் ஷரத் சாரி. திருப்பூர் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 2004-ல் வந்தது. அந்த விளக்கத்தைச் சொந்த வார்த்தையில், தமிழில் எழுதினாலும் அவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும். மொழிபெயர்த்துவிட்டால் நம்முடையதாகிவிடும் என்று நினைப்பது பெரும் தவறு.

4. குறள் பொதுச்சொத்துதான். அதன் உரையை எடுத்தால் உரையாசிரியர் பெயர் அவசியம். பாரதியார் பாடல்கள் அரசுடைமை என்பதற்காக அவர் பெயரை விட்டுவிடக் கூடாது.

5. முதுநிலை, பிஎச்.டி. ஆய்வேடுகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் உண்டு. ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பத்து சதவீதம் திருடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை.

6. குறிப்பெடுக்கும்போதே நூல், ஆண்டு, பக்க எண்ணை ஓரத்தில் எழுதவும். பிறகு தேடினால் கிடைக்காது.

7. ஜெராக்ஸ் கடையில் சீனியர் ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், பெற்றோரும் வாங்கித் தர வேண்டாம். பவர் டேபிளில் உட்காரும் அம்மாவிடம் பீஸ் ரேட், ஓவர்டைம் பற்றிக் கேளுங்கள். அவர் சொன்னதை எழுதும்போது நேர்காணல் என்று தேதியோடு குறிப்பிடுங்கள். கம்பெனியில் அவருக்குச் சிக்கல் வராதபடி, பெயரைப் போடலாமா என்று முதலில் அவரையே கேட்டுவிடுங்கள்.