சத்திரத்து வாசலில் ஒரு மெழுகுவர்த்தி

அன்புள்ள மருமகனுக்கு,

இந்த டிசம்பர் விடுமுறையில் மெக்ஸிகோ தேசத்துக்குப் போகும் பாக்கியம் உனக்குக் கிட்டியிருக்கிறது என்று அறிந்து சந்தோஷப்பட்டேன். அங்கே பார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு ஜாபிதா அனுப்பும்படி கேட்டிருக்கிறாய். தியோத்திஹுவாக்கானில் சுமார் 65 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் சூரியப் பிரமிடையும், தலைநகரின் நடுவிலுள்ள பெரிய சதுக்கத்தையும் யாரும் உனக்குச் சொல்லிவிடுவார்கள். அவை பன்னிரண்டு மாதமும் இருந்த இடத்திலேயே இருப்பவை. நீ போவதோ பண்டிகைக் காலம். வீடுகளுக்குள்ளும் தெருக்களிலும் சில இரவுகள் மட்டுமே நடந்து மறையும் பண்டிகையைக் காண்பதற்குக் கண் மட்டும் போதாது. பிறர் வீட்டு வாசலில் எப்படி நிற்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைப் பற்றியே இக்கடிதம்.

டிசம்பர் 12-ஆம் தேதிக்கு முன்பே நீ போய்ச் சேர்ந்தால், தலைநகரின் வடபுறத்திலுள்ள தெபெயாக் குன்றுக்குப் போ. 1531-இல் ஹுவான் தியேகோ என்னும் எளிய பூர்வகுடி மனிதருக்குத் தேவமாதா அக்குன்றில் காட்சி தந்தாள் என்பது அந்நாட்டாரின் நம்பிக்கை. அவ்வன்னையைக் குவாதலூப்பே மாதா என்று போற்றி, பல இலட்சம் மக்கள் அந்நாளில் அங்கே கூடுகிறார்கள்; தொலைதூரக் கிராமங்களிலிருந்து கால்நடையாக வருகிறவர்களும், கடைசிச் சிறிது தூரத்தை முழங்காலாலேயே கடக்கிறவர்களும் அவர்களில் உண்டு. பழைய ஆலயம் இளகிய மண்ணில் சாய்ந்துவிட்டமையால், 1976-இல் வட்ட வடிவமான புதிய ஆலயம் ஒன்று எழுந்தது. அங்கே உன் புகைப்படக் கருவி பைக்குள்ளேயே இருக்கட்டும். முழங்கால் தேய வருகிறவரின் முகம், நீ ஊருக்கு எடுத்து வருவதற்கான பொருள் அன்று.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் அங்கே நடைபெறும் வைபவத்துக்குப் போசாதா என்று பெயர். ஸ்பானிஷ் மொழியில் அச்சொல்லுக்குத் தங்குமிடம், சத்திரம் என்று பொருள். நிறைகர்ப்பிணியான மரியாளை அழைத்துக்கொண்டு சூசையப்பர் பெத்லகேமில் இடம் தேடி அலைந்த கதையை அத்தெருவாசிகள் தாங்களே நடித்துக் காட்டுகிறார்கள். கையில் மெழுகுவர்த்தியும், இருவருடைய சிறு உருவங்களும் ஏந்திய ஒரு கூட்டம் ஒரு வீட்டு வாசலில் நின்று, இரவுக்கு இடம் வேண்டும் என்று பாட, கதவுக்கு உட்புறம் நிற்கும் மற்றொரு கூட்டம் இடமில்லை என்று பாட்டாலேயே மறுக்க, பாட்டும் மறுபாட்டுமாக மாறி மாறி நடந்து, வந்திருப்பவர் யார் என்று உள்ளிருப்போர் உணர்ந்த தருணத்தில் கதவு அகலத் திறக்கிறது. அதன் பின் யாருக்கும் தடையில்லை. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அகோல்மான் என்னும் ஊரிலிருந்த அகுஸ்தீன் சபைப் பாதிரிமார் இதனைத் தொடங்கினார்கள் என்பர். அஸ்தேக் மக்கள் தம் தெய்வமாகிய ஹுவித்சிலோபொச்த்லிக்கு விழா எடுத்துவந்த அதே பருவத்தில் புதிய விழாவையும் அவர்கள் பொருத்தி வைத்தார்கள்.

பல வருஷங்களுக்கு முன் வாஹாகா நகரில் இத்தகைய போசாதா ஒன்றைக் காண நேர்ந்தது. எதிர்ச்சாரியில் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தவாறு நின்றிருந்த என்னிடம், ஊர்வலத்தில் வந்த மூதாட்டி ஒருத்தி, தன் கையிலிருந்த இரண்டு மெழுகுவர்த்திகளில் ஒன்றை நீட்டினாள். வாங்கிக்கொண்ட மாத்திரத்தில், வேடிக்கை பார்க்கிறவனுக்குரிய இடம் எனக்கு இல்லாமற் போயிற்று. சுடர் அணையாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, முன்னே செல்பவரின் நடைக்கு என் நடையைச் சரிப்படுத்திக்கொண்டு, அர்த்தம் முழுதும் விளங்காத பாட்டுக்கு உதடசைத்துக்கொண்டு நானும் ஒரு மூடிய கதவின் முன் போய் நின்றேன். இடம் கேட்டு நிற்கும் வேஷம் மற்றவர்களுக்கு. எனக்கோ அது உண்மை நிலையாகவே இருந்தது. யாத்திரிகன் என்பவன் எவ்வளவு பணத்தோடு போனாலும் பிறர் கதவு திறப்பதற்குக் காத்திருப்பவனே என்ற பாடத்தை நான் கற்றது அன்றுதான்.

உள்ளே போனதும் போஞ்சே என்னும் பானகத்தைச் சுடச்சுடக் கொடுப்பார்கள். தெஹோகோதே என்ற சிறு மஞ்சட் கனி, கொய்யா, கரும்புத் துண்டு, புளி, இலவங்கப்பட்டை ஆகியவற்றை வெல்லத்தோடு கொதிக்கவைத்தது அது. கொய்யா அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து நம் கொல்லைக்கு வந்த மரம். கரும்பும் புளியும் நம் பக்கத்துக் கண்டங்களிலிருந்து அங்கே போய் வேரூன்றியவை. பிறகு குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கும் பின்யாத்தாவைக் கோலால் அடிப்பார்கள். இது நம் உறியடி அல்லவா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதே. வர்ணக் காகிதம் ஒட்டிய அந்த நட்சத்திரத்தின் ஏழு கொம்புகள் ஏழு பெரும் பாவங்கள். கட்டிய கண் விசுவாசம். உடைந்து கொட்டும் பழமும் மிட்டாயும் இறையருள் என்பது அவர்கள் கொண்ட தாத்பரியம்.

டிசம்பர் 23-ஆம் தேதி மாலை வாஹாகாவின் சதுக்கத்தில் இருக்கத் தவறாதே. கிறிஸ்துமஸ் சந்தைக்கு வருகிறவர்களின் கண்ணைக் கவர, உழவர்கள் முள்ளங்கியில் உருவங்கள் செதுக்கி வைத்த வழக்கம், 1897-இல் நகரத்தார் நடத்தும் போட்டியாயிற்று. இதற்கென்றே பயிராகும் முள்ளங்கிகளை அறுவடைக் காலம் கடந்தும் மண்ணிலேயே விட்டு, முழங்கை அளவு பருக்கவைத்து, மாதா கோவிலையும் கல்யாண ஊர்வலத்தையும் கிறிஸ்து பிறந்த குடிலையும் அவற்றில் கடைகிறார்கள். நீர் தெளித்துக்கொண்டே இருந்தாலும் சில மணி நேரத்தில் அவை வாடத் தொடங்கும். ஆகையால் வரிசை எவ்வளவு நீளமானாலும் சலிக்காமல் நில். மறுநாள் அச்சிற்பம் இராது.

ஜனவரி 6 வரை தங்கினாயானால், மூன்று ராஜாக்கள் திருநாளன்று ரோஸ்கா என்னும் வளைய ரொட்டியை உன் முன்னும் வைப்பார்கள். அதனுள்ளே குழந்தை ஏசுவின் சிறு பொம்மை ஒளிந்திருக்கும். யாருடைய துண்டில் அது அகப்படுகிறதோ அவர், பிப்ரவரி 2-ஆம் தேதி, மக்காச்சோள மாவை மடலிலோ வாழையிலையிலோ பொதிந்து ஆவியில் வேகவைத்த தமால் கொண்டு எல்லோருக்கும் விருந்திட வேண்டும். ஒரு பண்டிகை தன் மடியிலேயே அடுத்த பண்டிகையின் வித்தைச் சுமந்திருக்கும் அழகு இது! பொம்மை உனக்கு அகப்பட்டால், அந்நியன்தானே என்று நழுவிவிடாதே. பிப்ரவரி வரை இருக்க முடியாவிட்டால், தமாலுக்கு ஆகும் செலவை அவ்வீட்டுப் பெரியவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டு வா. உண்ட வீட்டுக்குக் கடன்படுவதும், அக்கடனைத் தீர்ப்பதும் உறவுக்கு அடையாளங்கள்.

புறப்படுமுன் ஸ்பானிஷ் மொழியில் நாலு வார்த்தையாவது கற்றுக்கொள்: வணக்கம், நன்றி, மன்னியுங்கள், உள்ளே வரலாமா? இந்தக் கடைசி வார்த்தையைத் திருத்தமாகச் சொல்லப் பழகு. கம்பளிச் சட்டையையும் மறவாதே. தலைநகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் டிசம்பர் இரவுகள் மிகவும் குளிரும். போசாதாவில் கதவு திறக்கும்வரை வாசலில்தான் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா