மலைப்பாதைக்குப் பழைய ஸ்கூட்டர், கரன்ட் ஸ்கூட்டர்: சில கைக்குறிப்புகள்

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூ.ஆர். காட்டினாலும் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீட்டர்தான் என்றபோது, மூலையில் கிடந்த பழசையெல்லாம் தூசு தட்டி எடுத்தோமே! வெஸ்பா, சேட்டக், ஹொண்டா 90, புதுசாக வந்த கரன்ட் ஸ்கூட்டர் என்று நம்ம பதுளைப் பக்கம் ஓடுகிற எல்லாவற்றுக்கும் இதில் ஏதாவது உதவும்.

1. பண்டாரவளையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டு பெற்றோல் மிச்சம் பிடிக்காதீங்க. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். மேட்டில் எந்த கியரில் ஏறுவீங்களோ, அதிலேயே இறங்குங்க.

2. பெற்றோலில் ஒயில் கலந்து ஓடும் வெஸ்பா, சேட்டக்குக்கு மட்டும் கூடுதலாக ஒரு கவனம். எக்ஸலேட்டரை முழுக்க மூடியபடி நெடுக இறங்கினால், பெற்றோலோடு சேர்ந்து போகவேண்டிய ஒயிலும் குறைந்து பிஸ்டன் இறுகிவிடும். வளைவுக்கு வளைவு லேசாக ஒருதரம் முறுக்கிவிடுங்க. அந்தச் சொட்டுப் பெற்றோலுக்குக் கணக்குப் பார்த்தால் இஞ்சின் செலவுதான் மிஞ்சும்.

3. அந்த ஒயில் லீட்டருக்கு 20 மில்லி போதும். இருமல் மருந்தோடு வரும் 10 மில்லி மூடியைக் கழுவி வைத்தால், இரண்டு மூடி சரியான அளவு.

4. பெற்றோல் டெப் உள்ள வண்டியென்றால், வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே மூடிவிட்டு வந்து நிறுத்துங்க. இரவில் கசியாது, காலையில் பிளக் நனையாது.

5. லயத்து வாசலில் நிற்கும் வண்டிக்கு உரப்பையைத் தைத்துப் போர்த்துவது நல்ல யோசனைதான். ஆனால் பையை இரண்டு தண்ணியில் அலசிக் காயவைத்த பிறகுதான். ஒட்டியிருக்கும் உரம் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்றுவிடும். அடிப்பக்கம் காற்றுப் போக இடம் விடுங்க.

6. கிளட்ச் வயர் இறுகுதா? மேல்முனையைக் கழற்றி, பொலித்தீன் பையின் மூலையில் சின்ன ஓட்டை போட்டுக் கட்டி, ஒயில் ஊற்றி ராவெல்லாம் தொங்கவிடுங்க. கராஜ் கூலி மிச்சம்.

7. கரன்ட் பில்லை நினைத்துப் பயமா? பெட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கி 1,000ஆல் வகுங்க. 60 வோல்ட், 20 என்றால் 1.2 யூனிட், சார்ஜர் தின்பதையும் சேர்த்தால் ஒன்றரை யூனிட் மாதிரி.

8. மேல்மலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கியதும் பெட்டரி அப்படியே நிற்பதாகக் காட்டும். அதை நம்பி ஊர் சுற்றாதீங்க, செலவெல்லாம் திரும்பி ஏறும்போதுதான். பாதிக்குக் கீழே வந்தால் சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்புங்க.

9. ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேர இடி நம்ம ஊரில் வழக்கம். சார்ஜைக் காலையிலேயே முடித்து, வானம் இருட்டினால் பிளக்கைக் கழற்றிவிடுங்க. அடுப்பங்கரைச் சுவரில் மட்டும் சார்ஜர் வேண்டாம்.

10. துருப்பிடித்த குரோம் கைப்பிடிக்கு மருந்து வாங்க வேண்டாம். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கசக்கி, தண்ணி தொட்டுத் தேயுங்க. பிறகு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய்.