பின் அச்சுக்கு எந்த எண்ணெய்?

வேன் அல்லது ஜீப்பின் பின்புறம் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? பின் சக்கரங்களை இணைக்கும் அச்சின் நடுவே பூசணிக்காய் போல ஒன்று புடைத்திருக்கும். அதனுள் இருப்பதுதான் டிஃபரன்ஷியல். எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டின் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பிச் சக்கரங்களுக்குத் தருவது அங்குள்ள பற்சக்கரங்களின் ஒரு வேலை. இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவது மற்றொன்று.

வேறு வேகம் எதற்கு? இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.4 மீட்டர் என்று கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 2π × 1.4, அதாவது சுமார் 8.8 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் அதே 8.8 மீட்டர்தான். இரு சுற்றளவுகளையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். ஆரம் தானே மறைந்துவிடும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். தண்டின் முனையிலுள்ள சிறிய பற்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய சக்கரம் கிரௌன். பினியனின் அச்சு கிரௌனின் மையத்துக்கு நேராக இராமல் சற்றுக் கீழே தள்ளியிருந்தால் அதற்கு ஹைப்பாய்டு என்று பெயர். தண்டு தாழ்வதால் வண்டியின் தளத்தையும் தாழ்த்தலாம். அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் 1920-களின் பிற்பகுதியிலேயே இது வந்துவிட்டது.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. அம்மிக் குழவியை உருட்டுவது ஒன்று, அழுத்தி இழுத்து அரைப்பது வேறொன்று அல்லவா? ஹைப்பாய்டில் பல்லின்மேல் பல் உருளுவதோடு நீளவாக்கில் இழுபடவும் செய்கிறது. முழுச் சுமையும் மிகச் சிறிய பரப்பில் விழுவதால் அழுத்தம் ஏராளம். எண்ணெய்ப் படலம் விலகிய இடத்தில் எஃகின் நுண்மேடுகள் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்துவிடும். அங்கே பாகுநிலை மட்டும் காப்பாற்றாது, வேதியியலும் வேண்டும். ஆகவே கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்களைக் கியர் ஆயிலில் கலக்கிறார்கள். மிகுந்த சூடு எழும் புள்ளிகளில் அவை இரும்புடன் வினைபுரிந்து மெல்லிய படலம் உண்டாக்குகின்றன. பற்களுக்குப் பதில் அந்தப் படலம் தேயும், மீண்டும் உருவாகும். கியர் ஆயிலின் அந்த நாற்றத்துக்குக் கந்தகமே காரணம்!

டப்பாவில் இரண்டு குறிப்புகளைப் பார்க்க வேண்டும். முதலாவது எஸ்.ஏ.இ. எண். எஞ்சின் ஆயில் 50, கியர் ஆயில் 90 என்றால் பின்னது கெட்டி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி செல்சியசில் 90-ஆம் எண் கியர் ஆயிலின் பாகுநிலை, 40, 50 எண் எஞ்சின் ஆயில்களை ஒட்டியதே. அப்படியானால் எஞ்சின் ஆயிலையே ஊற்றலாமே என்பீர்கள். கூடாது! ஹைப்பாய்டுக்கு வேண்டிய அளவு கந்தகச் சேர்மங்கள் அதில் இல்லை. இரண்டாவது குறிப்பு ஜி.எல். எண். ஹைப்பாய்டு பின் அச்சுக்குப் பெரும்பாலும் ஜி.எல்.-5. அதையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடக் கூடாது. சில கியர்பாக்ஸ்களிலுள்ள பித்தளை வளையங்களை அது அரிக்கக்கூடும். கடைக்காரரைவிட வண்டியின் கையேட்டை நம்புவதே எனக்குப் பிடிக்கும்.

மாற்றும்போது வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிவந்து சமதளத்தில் நிறுத்துவார்கள். சூட்டில் பாகுநிலை குறைந்து, எண்ணெய் கசடோடு எளிதில் வடியும். முதலில் கழற்ற வேண்டியது கீழேயுள்ள வடிகால் திருகை அன்று, ஊற்றும் துளையின் திருகை. அது துருப்பிடித்து இறுகியிருந்தால், பழைய எண்ணெய் போய், புதியதை ஊற்ற வழியின்றி வண்டி நின்றுவிடும். வடிகால் திருகில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியதைப் பாருங்கள். சாம்பல்நிறப் பசை வழக்கமான தேய்மானம். பல்லின் துணுக்கு கிடைத்தால் உள்ளே திறந்து பார்த்தே ஆகவேண்டும். புதிய எண்ணெயைப் பொதுவாக ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை நிரப்புவார்கள்.

அச்சின் மேலுள்ள சிறு காற்றுத் துளையை யாரும் கவனிப்பதில்லை. அது சேற்றால் அடைபட்டு, உள்ளே காற்று 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறினால், கெல்வின் கணக்கில் 303 என்பது 363 ஆகிறது. அழுத்தம் சுமார் 20 விழுக்காடு ஏறும். எண்ணெய் சீல்களைத் தாண்டிக் கசிந்து பின் சக்கர பிரேக்கிலேயே போய்ச் சேரலாம். எண்ணெய் மாற்றும் அன்றே அந்தத் துளையையும் துடைத்துவிடச் சொல்லுங்கள்.