பூல் மேசையின் ஓரத்தில் ஒரு ரப்பர் பாடம்

அம்பாங் வட்டாரத்துச் சமூக மண்டபம் ஒன்றில் பழைய பூல் மேசை ஒன்று உண்டு. அங்குள்ள இளைஞர் குழுவோடு சேர்ந்து நானும் சில மாதங்கள் அதில் விளையாடினேன். எவ்வளவு வேகமாக அடித்தாலும், ஓரத்தில் பட்டதும் பந்து சோர்ந்து நின்றுவிடும். துணி பழையதாகிவிட்டது என்று முடிவு செய்து, ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டுப் புதுத் துணி விரித்தோம். பந்து முன்போலவே நின்றது. மேசையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றனர் சிலர்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "தம்பி, மேசை நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற ரப்பர்தான் இறுகிப்போச்சு" என்றார். பணத்தைச் செலவழித்த பிறகு நாங்கள் கற்ற பாடத்தை, செலவழிக்கும் முன் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓரத்திற்கு ரப்பர் வந்த கதை

பூல் மேசையின் நான்கு பக்க விளிம்புகளிலும் துணிக்குள் மறைந்திருக்கும் ரப்பர்ப் பட்டையையே குஷன் என்கிறோம். தொடக்கக் காலத்தில் அங்கே துணி அடுக்குகளைத் திணித்து வைத்தனர். பந்து அதில் பட்டுத் துள்ளவில்லை. இங்கிலாந்தில் ஜான் தர்ஸ்டன் என்னும் மேசைத் தயாரிப்பாளர் 1835-ஆம் ஆண்டில் ரப்பரைப் பயன்படுத்தினார். ஆனால் பதப்படுத்தாத ரப்பர் குளிரில் கல்லாக இறுகிவிடும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டறிந்தார். அதன் பிறகே, 1845 வாக்கில், எந்தப் பருவத்திலும் துள்ளும் குஷன் கிடைத்தது.

அப்போது மலாயாவில் ரப்பர் மரமே இல்லை. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலாகங்சாரில் நடப்பட்டன. 1890-களில் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. அத்தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வரலாறே நம்மில் பலருடைய குடும்ப வரலாறு.

ரப்பர் ஏன் துள்ளுகிறது? ஏன் இறுகுகிறது?

ரப்பர் என்பது நீண்ட சங்கிலிகளாலான பொருள். இச்சங்கிலிகள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கின்றன. அழுத்தினாலோ இழுத்தாலோ அவை ஒழுங்கு மாறுகின்றன. விட்டதும் பழைய சுருளுக்குத் திரும்புகின்றன. சங்கிலிகள் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கிப் போகாதபடி ஆங்காங்கே பிடித்துவைக்கும் பாலங்களே கந்தகம். கந்தகம் குறைந்தால் ரப்பர் பிசுபிசுக்கும். மிகுந்தால் மரம் போலாகிவிடும்.

காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆண்டுக்கணக்கில் இச்சங்கிலிகளைத் தாக்குகிறது. சில இடங்களில் சங்கிலி அறுந்து ரப்பர் குழைகிறது. சில இடங்களில் தேவையற்ற புதிய பாலங்கள் ஏற்பட்டு இறுகி வெடிக்கிறது. வெப்பம் இதனை விரைவுபடுத்தும். ஆண்டு முழுதும் வெப்பமான நம் நாட்டில், யாரும் விளையாடாமல் மூடி வைத்த மேசையும் இதற்குத் தப்பாது.

முதலில் நோயைக் கண்டறிக

எல்லாக் கோளாறுக்கும் ரப்பர்தான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. செலவில்லாத நான்கு சோதனைகள் உள்ளன.

1. ஓரச்சட்டத்தை உள்ளங்கையால் தட்டுக. சட்டம் முழுதும் அதிர்ந்து ஒலித்தால், அடியிலுள்ள போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். இறுக்கினால் போதும்.

2. ஓரிடத்தில் மட்டும் பந்து மந்தமாகத் திரும்பினால், அங்கே ரப்பர் மரத்தைவிட்டுப் பிரிந்திருக்கலாம்.

3. கட்டை விரலால் பல இடங்களில் அழுத்துக. மரம் போல் கடினமாகவோ, அழுத்திய பள்ளம் மீளாமலோ இருந்தால் ரப்பர் கெட்டுவிட்டது.

4. மேசையின் ஒரு முனையிலிருந்து எதிர்க் குஷனை நோக்கிப் பந்தை நேராகவும் பலமாகவும் அடிக்க. அனைத்துலக விதிமுறையின்படி அது துள்ளி எழாமல் மேசையின் நீளத்தைக் குறைந்தது 4 முதல் 4½ முறை கடக்க வேண்டும்.

மாற்றும் முறை

குழிகளுள்ள பூல் மேசையில் பொதுவாக ஆறு ஓரச்சட்டங்கள் இருக்கும். ஆறிலும் ஒரே நேரத்தில் ரப்பரை மாற்றுவதே முறை. ஒன்றை மட்டும் மாற்றினால் பந்து ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதமாகத் திரும்பும்.

கழற்றும் முன் ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் எண்ணிடுக. குஷன் முனையின் உயரத்தையும் குழிகளின் அகலத்தையும் அளந்து எழுதிவைக்க. பிறகு போல்ட்டுகளைக் கழற்றி, துணியைப் பள்ளத்தில் இறுக்கிப் பிடித்திருக்கும் மெல்லிய மரப்பட்டியை உடையாமல் எடுத்து, துணியை நீக்குக. பழைய ரப்பரைக் கூரிய கத்தியால் சீவி எடுத்தபின் ஒட்டியிருக்கும் பசையை முழுதும் சுரண்டுக. இந்நேரத்தில் மரத்தில் கறையான் அரிப்பு உண்டா என்றும் பார்த்துவிடலாம்.

குஷன் ரப்பரில் கே-55, கே-66 எனப் பல வடிவங்கள் உண்டு. முனையின் உயரமும் அடிப்பகுதியின் அகலமும் வேறுபடும். ஆகவே பழைய ரப்பரில் ஒரு துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டுசெல்வது நல்லது. காலணி ஒட்டுவோர் பயன்படுத்தும் வகைப் பசையை மரத்திலும் ரப்பரிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவு உலர்ந்ததும் அழுத்துக. அப்பசை எளிதில் தீப்பற்றும்; காற்றோட்டமான இடம் வேண்டும்.

ஒட்டும்போது ரப்பரை இழுக்கக் கூடாது. நாங்கள் செய்த இரண்டாவது தவறு இதுவே. நேராக வரவேண்டுமென்று இழுத்து ஒட்டினோம். மறுநாள் அது சுருங்கி முனையில் விலகியிருந்தது. ஒரு சட்டத்தை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. இரு முனைகளிலும் சற்று மிச்சம் விட்டு ஒட்டி, உலர்ந்த பின் குழியின் கோணத்திற்கேற்ப வெட்டுவதே சரி.

ஒரு மில்லிமீட்டர்க் கணக்கு

குஷன் முனையின் உயரம் பந்தின் விட்டத்தில் 62.5 முதல் 64.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். அப்படியானால் முனை மேசைப் பரப்பிலிருந்து சுமார் 35.7 முதல் 36.9 மில்லிமீட்டர் உயரத்தில் அமைய வேண்டும். நமக்குக் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரும் சிறிதுமே. முனை தாழ்ந்தால் பந்து மேலெழும்பிக் குதிக்கும். உயர்ந்தால் பந்து கீழே அழுத்தப்பட்டு வேகத்தை இழக்கும். உயரம் தவறியிருந்தால், ரப்பரின் வடிவம் மேசைக்குப் பொருந்தவில்லை, அல்லது அது ஒட்டப்படும் மரமுகத்தின் சாய்வு தவறு என்று பொருள். சட்டத்தை மீண்டும் பூட்டும்போது எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் திருகி, நூல் பிடித்து நேர் பார்த்து, பின்னர் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குக.

நாம் கற்க வேண்டியது

இரண்டு வார இறுதிகளில் வேலை முடிந்தது. தூக்கி எறிய இருந்த மேசையில் இன்று அவ்வட்டாரத்துப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

1925-இல் தோற்றுவிக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையகம் அமைந்ததும் இதே ஜாலான் அம்பாங்கில்தான். 1998-இல் அது மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது. அச்சாலை வழியாகப் பலமுறை போயிருக்கிறேன். அதற்கும் எனக்கும் தொடர்புண்டு என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. பால் எப்போது வெட்ட வேண்டும், மழையில் ஏன் வெட்டக் கூடாது, மங்கில் உறைந்த பாலை என்ன செய்வது, புகைக்கூடத்தில் ரப்பர்த் தாள் எப்படிக் காய்கிறது என்பதெல்லாம் நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். அதன் வேதியியல் நம் பாடநூலில் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொள்வதில்லை.

அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். கேட்க வேண்டியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்பது நன்று.