பாதிச் சமையல்

ஒரு குடும்பத்தின் சமையற் பொறுப்பை நெடுநாள் ஏற்று நடத்தியவர்களுக்கு, அடுப்பின் முன் நிற்கும் சிரமத்தைக் காட்டிலும், ‘இன்றைக்கு என்ன செய்வது?’ என்று நாள்தோறும் தவறாமல் எழும் கேள்விதான் அதிக ஆயாசத்தைத் தருவது என்பது தெரிந்திருக்கும். திருச்சியில் ஆசிரியையாகப் பணிபுரியும் நான், பொன்மலை ரயில்வே பணிமனைக்கு அதிகாலையில் புறப்பட்டுவிடும் என் கணவர், பள்ளி செல்லும் இரு பிள்ளைகள், வேளை தவறாமல் ஆகாரம் கொள்ள வேண்டிய மாமியார் என ஐந்து பேர் கொண்ட எங்கள் வீட்டில், வாரத்துக்குரிய உணவை முன்கூட்டியே நிர்ணயித்து, அதில் ஒரு பகுதியை ஞாயிற்றுக்கிழமையே தயாரித்து ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. அந்த அனுபவத்திலிருந்து நான் திடமாகச் சொல்லக்கூடியது இதுதான்: நம் சமையலில் ஒரு பதார்த்தத்தை முழுமையாகச் செய்து உறைய வைப்பதைவிட, அதற்கான வேலையில் பெரும்பகுதியை மட்டும் முடித்து உறைய வைத்து, கடைசிப் பக்குவத்தை உண்ணும் நாளுக்கே விட்டுவிடுவது உத்தமம்.

இதற்குக் காரணம் நம் உணவின் சுபாவத்திலேயே இருக்கிறது. பருப்பை வேகவைத்து மசிப்பதும், சின்ன வெங்காயத்தை உரிப்பதும், அதைத் தக்காளியோடு சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்குவதும், தேங்காய் துருவுவதும் நேரத்தை விழுங்கும் வேலைகள். ஆனால் இவற்றில் எதுவும் குளிரில் குணம் கெடுவதில்லை. மாறாக, கடுகு வெடிக்கும் கணத்தில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் விழுந்து எழுப்பும் வாசனையோ, இறக்கும்போது கிள்ளிப் போடும் கொத்தமல்லியின் மணமோ, எவ்வளவு உயர்ந்த பெட்டியில் வைத்தாலும் வாரக்கணக்கில் நிற்பதில்லை. அவற்றுக்கு வேண்டியதோ இரண்டு நிமிஷந்தான். ரசத்தை இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதே இல்லை. புளியைக் கரைத்து வைத்துவிட்டால் பத்து நிமிஷத்தில் நுரை கட்டி இறங்கிவிடும் ஒன்றை உறைய வைத்து உருக்குவது வீண் பிரயத்தனம்.

தொடக்கத்தில், “முன்னாடி ஆக்கி வச்சதைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமாம்மா?” என்று என் மாமியார் கேட்டபோது, அந்தக் கேள்வியில் இருந்த அக்கறையை நான் உணர்ந்தேன். ஆயினும், சித்திரை வெயிலில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உளுத்தம் பருப்போடும் கடுகோடும் பிசைந்து உருட்டி, பகலெல்லாம் காயவைத்து, மாலையில் மீண்டும் பிசைந்து உருட்டி, நாட்கணக்கில் பாடுபட்டு அவர்கள் செய்து வைக்கும் தாளிப்பு வடகம், ஓர் ஆண்டுக்குரிய வேலையை முன்கூட்டியே முடித்து வைப்பதன்றி வேறென்ன? “நீங்க வெயில்ல செய்யறதை நான் குளிர்ல செய்யறேன், அத்தை” என்றேன். இன்று சாம்பாருக்கான அடிப்படையை நான் உருக்கிக் கொதிக்கவிட, அந்த வடகத்தில் ஒரு துண்டை நல்லெண்ணெயில் பொரித்துக் கொட்டும் பொறுப்பை அவர்கள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

திட்டமிடுவதை நான் சமையல் குறிப்பிலிருந்து தொடங்குவதில்லை, நாட்காட்டியிலிருந்தே தொடங்குகிறேன். எந்த நாள் அமாவாசை, எந்த நாள் கிருத்திகை, கணவருக்கு எந்த வாரம் இரவு ஷிப்ட், எந்த நாளில் பிள்ளைகளுக்குத் தேர்வு, எந்த மாலையில் எனக்குப் பள்ளியில் கூட்டம் என்பவற்றை முதலில் குறித்துக்கொண்டால், எந்த இரவுக்கு ஆயத்தம் அவசியம், எந்த இரவு சாவகாசமாகச் சமைக்கலாம் என்பது தானே விளங்கிவிடும். ஏழு நாளும் ஃப்ரீசரை நம்புவது அவசியமுமில்லை, அழகுமில்லை. நெருக்கடியான மூன்று இரவுகளுக்கு ஏற்பாடு இருந்தால் வாரம் முழுவதும் நிம்மதியாகக் கழியும்.

ஞாயிறு காலை காந்தி மார்க்கெட்டிலிருந்து காய்கறி வந்ததும் முதலில் குக்கரில் ஏறுவது அரைக் கிலோ துவரம் பருப்பு. அதை மஞ்சளோடு குழைய வேகவைத்து, நீர் அதிகமின்றிக் கெட்டியாக மசித்து நான்கு பங்காக்கினால், ஒவ்வொரு பங்கும் எங்கள் ஐவருக்கும் ஒரு வேளைச் சாம்பாருக்குப் போதும். கோழிக் குழம்பாயின், மசாலாவில் கறி வெந்து எண்ணெய் மிதக்கும் நிலையிலேயே நிறுத்திவிட்டு, தேங்காய் அரைத்து ஊற்றுவதை அந்தந்த நாளுக்கு வைத்துக்கொள்கிறேன். தேங்காய்ப் பால் சேர்த்து உறைய வைத்த குழம்பு உருகும்போது திரிந்தாற்போல் பிரிந்து நிற்கும். உருளைக்கிழங்கு நீர் விட்டுச் சொரசொரப்பாகிவிடும். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பரைப்போல் ஆகிவிடும். தயிர் சேர்ந்த எதுவும் உதவாது.

பக்குவமாகச் சமைத்ததையும் பாழாக்கக்கூடியது ஆறவைக்கும் முறை. ஆதலால் இதில் சற்று அதிகமாகவே சிரத்தை வேண்டும். கனத்த பாத்திரத்தில் நிறைந்திருக்கும் குழம்பு மேலே ஆறினாற்போல் தோன்றினாலும், நடுவில் நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிகள் பெருகுவதற்கு உகந்தது அந்த உஷ்ணந்தான். குளிரில் கிருமிகள் பெருகாதிருக்குமேயன்றி, அனைத்தும் மடிந்துவிடுவதில்லை. உருகியதும் மீண்டும் பெருகத் தொடங்கும். ஆகையால் சமைத்ததை அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, அந்தத் தாம்பாளத்தைக் குளிர்ந்த நீர் நிறைந்த தட்டில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டிக்குள் சேர்த்துவிட வேண்டும்.

ஆறியதை உறைகளில் நிரப்பி, ஒரு விரற்கடை கனத்துக்கு மேற்படாமல் தட்டையாக அழுத்திப் படுக்க வைத்தால் விரைவில் உறையும். விரைவில் உறைவதனால் பனிப் படிகங்கள் சிறியவையாக அமைந்து காயின் திசுக்களை அதிகம் கிழிப்பதில்லை. இரவில் அவசரமாக எடுத்தாலும் சீக்கிரம் உருகும். டப்பாவில் வைப்பதாயின் விளிம்புவரை நிரப்பக் கூடாது. உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் விரிவதால் மூடி தெறிக்கும், கண்ணாடியானால் உடைந்தே போகும். உறைந்தபின் காரக்குழம்பின் அடிப்படையும் தக்காளி வதக்கலும் ஒரே செந்நிறக் கட்டியாகத் தோன்றுமாதலால், பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுவதைச் சின்ன விஷயமென்று தள்ளிவிடலாகாது. எங்கள் வீட்டில் இந்த வேலை இளைய மகளுடையது. உள்ளே என்ன இருக்கிறதென்ற பட்டியலைக் கதவில் ஒட்டி, எடுக்க எடுக்க அடித்துவிடுவதும் அவள்தான்.

தை மாதத்தில் மலிவாகக் கிடைக்கும் மொச்சையையும் பச்சைப் பட்டாணியையும் உரித்து, கொதிநீரில் இரண்டு நிமிஷம் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, துணியில் ஈரம் போக்கி, தட்டில் பரப்பி உறைய வைத்தபின் உறையில் கொட்டினால், ஒன்றோடொன்று ஒட்டாமல் வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளலாம். கொதிநீரில் போடாமல் பச்சையாகவே வைத்தால், காயிலுள்ள நொதிகள் குளிரிலும் மெல்லச் செயற்பட்டு நிறத்தையும் ருசியையும் குன்றச் செய்துவிடும்.

வெளியே எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். நாளைக்கு வேண்டியதை இன்றிரவே கீழ்த்தட்டுக்கு இறக்கி, ஃபிரிட்ஜுக்குள்ளேயே உருகவிட்டு, மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டே பரிமாற வேண்டும். ஒருமுறை உருகிச் சூடானது மீண்டும் ஃப்ரீசருக்குத் திரும்பக் கூடாது. ஃப்ரீசர் -18 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்ந்தால் சமைத்தவை இரண்டு, மூன்று மாதம் ருசி குன்றாமல் இருக்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேலே உள்ள சிறு அறையில் பெரும்பாலும் அவ்வளவு குளிர் இராது. அங்கே ஐஸ்கிரீம் கல்லைப்போல் இறுகாவிட்டால், சமைத்ததை ஒரு வாரத்துக்குமேல் வைக்காதிருப்பதே நலம்.

மின்சாரத்தையும் கருதியே இருப்பின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்தும் மின்தடையை, நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காமலிருந்தால் எளிதில் தாங்கிவிடும். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. ஆகவே ஐப்பசி பிறந்ததும் ஒரு வாரத் தேவைக்குமேல் நாங்கள் சேர்ப்பதில்லை. கறி, கோழி வகையறாவை முதலில் தீர்த்துவிட்டு, அந்த இடத்தை மாமியாரின் வற்றலும் வடகமும் ஈடுசெய்யும்படி விட்டுவிடுகிறோம். மார்கழி நடுவில் மழை ஓய்ந்ததும், தேதி பார்த்துப் பழைய உறைகளைச் சமைத்து முடித்து, புது மொச்சைக்கு ஒரு தட்டைக் காலி செய்து வைக்கிறோம்.