விடுமுறையில் கெட்டுப்போன மகிழ்ச்சிக்கு இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: நான் கிள்ளானில் வசிக்கிறேன். கடந்த டிசம்பர் பள்ளி விடுமுறையில் மனைவி, 6 வயது மகள், 3 வயது மகனுடன் கிழக்குக்கரைக் கடற்கரை விடுதி ஒன்றில் 3 இரவு தங்கப் போனோம். கோலாலம்பூரில் நடந்த பயணக் கண்காட்சியில் ஒரு பயண முகவரிடம் 5,400 வெள்ளி கட்டினேன். சாப்பாடு, பானங்கள், விளையாட்டு எல்லாம் அதில் அடக்கம். பிள்ளைகளுக்குத் தனிக் குளம் உண்டு. காலை 9 முதல் மாலை 6 வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளோடு விளையாட்டு அறை உண்டு என்று விளம்பரம். நாங்கள் சைவம் என்பதைப் புலனத்தில் எழுதி, 'பிரச்சினை இல்லை' என்ற பதிலும் வாங்கினேன். போய்ச் சேர்ந்தால் பிள்ளைகள் குளம் பராமரிப்புக்காக மூடல், விளையாட்டு அறை பூட்டு. சைவச் சாப்பாடு என்றால் வெள்ளைச் சோறும் வதக்கிய முட்டைக்கோசும்தான். கடலிலும் சிவப்புக் கொடி. முதல் நாளே முகப்பிடத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். இப்போது 300 வெள்ளி வவுச்சர் தருகிறோம், 'இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது' என்று கையெழுத்திடுங்கள் என்கிறார்கள். வசதிகள் முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று நிபந்தனையில் இருக்கிறதாம். முழுப் பணத்தையும் கேட்கலாமா?
— வாசகர், கிள்ளான்

பதில்: முழுப் பணம் கிடைக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று இரவு அந்த அறையில் படுத்தீர்கள், மூன்று காலையும் அங்கேயே பசியாறினீர்கள். பெற்றுக்கொண்ட சேவையின் விலையைத் திருப்பிக் கொடு என்று எந்த மன்றமும் சொல்லாது. ஆனால் 300 வெள்ளி வவுச்சரும் நியாயமான தொகை அல்ல. இந்த வகைப் பொட்டலத்தில் உங்களுக்கு விற்கப்பட்டது கட்டிலும் சோறும் மட்டுமா, இல்லை சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெற்றோர் மூன்று நாள் கவலையில்லாமல் இருக்கலாம் என்ற நிம்மதியா? வழக்கின் முடிச்சு இந்தக் கேள்விதான். நிம்மதியே விற்பனைப் பொருள் என்றால், அது கிடைக்காமல் போனது வெறும் மனக்குறை அல்ல, விலை கொடுத்து வாங்கிய பொருள் கைக்கு வராமல் போனதாகும். என் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஒப்பந்த மீறலுக்கு மன வருத்தத்தை ஈடாகக் கேட்க முடியாது என்பது பழைய ஆங்கிலேயச் சட்டத்தின் பொது விதி. 1973இல் பதிவான ஜார்விஸ் வழக்கு அதில் ஓர் ஓட்டை போட்டது. 63 பவுன் சொச்சம் கட்டி சுவிட்சர்லாந்துக்குப் போன ஒருவருக்கு விளம்பரம் வாக்களித்த விருந்துக் கலகலப்பு கிடைக்கவில்லை. இரண்டாம் வாரம் விடுதியில் விருந்தாளி என்று இருந்தது அவர் ஒருவர்தான். மலைப்பாட்டுப் பாட வந்தவர் வேலைத்துணியோடு வந்து நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போய்விட்டார். கீழ் நீதிமன்றம் பாதிப் பணம் கொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ கட்டியதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக 125 பவுன் கொடுத்தது. விடுமுறை ஒப்பந்தத்தின் நோக்கமே மகிழ்ச்சி என்பதால், ஏமாற்றமும் இழப்புக் கணக்கில் சேரும் என்றது.

உங்கள் விவகாரத்துக்கு இன்னும் நெருங்கி வருவது ஜாக்சன் வழக்கு. நடந்த இடம் இலங்கைக் கடற்கரை. 1971ஆம் ஆண்டு விடுமுறைக்காக, 3 வயது இரட்டைப் பையன்களையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு நான்கு வாரம் தங்க 1,200 பவுன் கட்டினார் ஓர் ஆங்கிலேயர். என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே கடிதமும் எழுதியிருந்தார். பிள்ளைகளுக்கு ஒதுக்கிய அறையின் சுவர் அடியில் கறுத்துப் பூஞ்சை பூத்திருந்தது. பெற்றோர் அறையோடு சேர்க்கும் கதவு இல்லை. முதல் மூன்று நாள் இரண்டு ஒற்றைக் கட்டில்களில் நால்வரும் ஒண்டிக்கொண்டார்கள். விளம்பரத்தில் இருந்த நீச்சல் குளம் விடுதியில் இல்லை. சாப்பாடு தேங்காயெண்ணெயில் சமைத்தது, வாயில் வைக்க முடியவில்லை என்பதும் புகாரில் ஒன்று. (நம் பாட்டிமார் இந்த ஒன்றை மட்டும் தள்ளுபடி செய்திருப்பார்கள்.) நீதிமன்றம் 1,100 பவுன் கொடுத்தது, மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. தொகையைப் பிரித்துப் பார்த்த மேல்முறையீட்டு நீதிபதி டென்னிங் பிரபு, 600 பவுனைப் பொட்டலத்தின் மதிப்புக் குறைவுக்கும் 500 பவுனை மன உளைச்சலுக்கும் வைத்தார். தந்தை ஒருவருக்கே 500 என்றால் அதிகம், மனைவி மக்களின் ஏமாற்றமும் சேர்ந்ததால் பொருந்தும் என்பது அவர் கணக்கு.

ஆங்கிலேயர் தீர்ப்பு நமக்கு எப்படிப் பொருந்தும் என்று முகவரின் வழக்கறிஞர் கேட்பார். நியாயமான கேள்விதான். 1956ஆம் ஆண்டு குடியியல் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அந்த ஆண்டு ஏப்ரல் 7 அன்று இருந்தபடியான இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தைத்தான் தீபகற்ப மலேசியாவுக்குக் கொண்டுவருகிறது. இந்த இரு தீர்ப்புகளும் அதற்குப் பின் வந்தவை. எனவே அவை நம் மன்றங்களைக் கட்டுப்படுத்தா, வழிகாட்டும் அளவில்தான் நிற்கும். ஆனால் நம் சொந்தச் சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, மீறலால் இயல்பாக விளையும் இழப்புக்கும், விளையக்கூடும் என்று ஒப்பந்தத்தின்போதே இரு தரப்பும் அறிந்திருந்த இழப்புக்கும் ஈடு உண்டு என்கிறது. அதன் கீழுள்ள விளக்கக் குறிப்பு, ஒப்பந்தம் நிறைவேறாததால் உண்டான அசௌகரியத்தைச் சரிசெய்துகொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறது. அசௌகரியம் சட்டத்துக்குப் புறம்பான சொல் என்றால் அது அங்கே ஏன் இருக்க வேண்டும்? இந்தப் பிரிவு 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவிலிருந்து வந்தது. அங்கே பயனீட்டாளர் மன்றங்கள் அலைக்கழிப்புக்கும் மன வேதனைக்கும் ஈடு கொடுக்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லியிருக்கிறது. அது அவர்களின் தனிப் பயனீட்டாளர் சட்டத்தின்படி வந்த தீர்ப்பு என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அந்த விளக்கக் குறிப்பு உங்கள் பக்கமும் ஒரு கேள்வியைத் திருப்பும்: நிலைமையைச் சரிசெய்ய நீங்கள் என்ன செய்தீர்கள்? வாயை மூடிக்கொண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து கொந்தளிப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நீங்கள் முதல் நாளே எழுதிக் கொடுத்தீர்கள். அந்தத் தாளின் நகல் உங்கள் வழக்கில் பாதி பலம்.

தந்தைதானே பணம் கட்டினார், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒப்பந்தத்தில் என்ன இடம் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர் அதன்மேல் வழக்காட முடியாது என்ற விதி மலேசியாவுக்கும் உண்டு என்று கெப்போங் சுரங்க நிறுவன வழக்கில் பிரிவி கவுன்சில் 1967இல் உறுதிசெய்தது. குடும்பத்தாரின் ஏமாற்றத்துக்கும் தந்தையே ஈடு கேட்கலாம் என்பதற்கு டென்னிங் பிரபு சொன்ன காரணத்தை, இங்கிலாந்தின் அன்றைய உச்ச மன்றமான பிரபுக்கள் சபையே 1980இல் ஏற்கவில்லை. என்றாலும் குடும்ப விடுமுறை தனி ரகமான ஒப்பந்தம் என்று சொல்லி, ஜாக்சன் தீர்ப்பின் முடிவை அது தள்ளிவிடவில்லை. நமக்கு இந்த வளைந்த பாதை தேவையில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, சேவையை வாங்குபவரை மட்டுமல்ல, பயன்படுத்துபவரையும் பயனீட்டாளர் என்றே சொல்கிறது. கையில் விடுதியின் வண்ணப் பட்டையைக் கட்டிக்கொண்டு, கயிறு கட்டிய குளத்துக்கு முன்னால் நீச்சல் உடையில் நின்ற உங்கள் மூன்று வயது மகனும் சட்டத்தின் கண்ணில் பயனீட்டாளர்தான்.

இனி அந்த 'முன்னறிவிப்பின்றி மாறலாம்' வாசகம். பலர் இதைப் பார்த்ததும் சோர்ந்துபோகிறார்கள், தேவையே இல்லை. பயனீட்டாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தம் எழுதிப் பறிக்க முடியாது. 2011இல் நடைமுறைக்கு வந்த அதன் 3ஏ பகுதி, போதிய காரணமின்றிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனையை நியாயமற்றது என்கிறது. காரணம் போதுமானது என்று நிரூபிக்கும் சுமையை விற்றவர் தலையில் வைக்கிறது. சிஐஎம்பி வங்கி, போர்க் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், வாடிக்கையாளர் எந்த இழப்பையும் கேட்க முடியாதபடி எழுதிய வாசகத்தை ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவின் கீழ் செல்லாது என்று தள்ளியது. வண்ணம் மாறலாம், மெனு மாறலாம், ஆர்க்கிட் பூவுக்குப் பதில் செம்பருத்தி வைக்கலாம். விற்பனையின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட்ட பிள்ளைகள் அறையைப் பூட்டிவிட்டு, அதை 'மாற்றம்' என்று சொல்ல முடியாது. குளத்தின் பராமரிப்பு கண்காட்சி நாளிலேயே திட்டமிடப்பட்டிருந்தால், மறைத்து விற்றது பொய்யான விவரிப்பு பற்றிய பயனீட்டாளர் சட்டத்தின் 10ஆம் பிரிவுக்குள்ளும் வரும். பராமரிப்பு எப்போது முடிவானது என்று எழுத்தில் கேளுங்கள்.

கடலை மட்டும் விட்டுவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குக்கரையைக் கொந்தளிக்க வைக்கும். சிவப்புக் கொடி ஏற்றியது விடுதி செய்த நல்ல காரியம். அதையும் புகாரில் சேர்த்தால் மற்றவற்றின் எடை குறையும். சொல்லப்போனால் இந்தச் சிவப்புக் கொடி உங்களுக்குச் சாதகமான சாட்சி. மழைக்காலத்தில் கடல் மூடியிருக்கும் என்று தெரிந்தவர்கள், பிள்ளைகளுக்கு மாற்றாக வைத்திருந்த குளத்தையும் அறையையும் அல்லவா திறந்து வைத்திருக்க வேண்டும்?

நான் வெறும் முகவர், விடுதியைக் கேளுங்கள் என்று பயண முகவர் நழுவலாம். உங்கள் ரசீதில் இருப்பது அவருடைய நிறுவனப் பெயரும் உரிம எண்ணும்தான். விலை வைத்ததும், சைவச் சாப்பாட்டுக்கு வாக்குக் கொடுத்ததும் அவர். இருவரையும் எதிர்த்தரப்பாகப் போடுங்கள், பொறுப்பை அவர்களே பங்கு பிரித்துக்கொள்ளட்டும்.

எவ்வளவு கேட்பது? இதற்கான அளவுகோல் நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளிலேயே இருக்கிறது. அதே நாள்களுக்கு, அறையும் பசியாறலும் மட்டும் என்றால் 3,300 வெள்ளி என்று அடியில் சின்னதாக அச்சாகியிருக்கிறது. அப்படியானால் மதிய, இரவுச் சாப்பாடு, பானங்கள், பிள்ளைகள் அறை, விளையாட்டு எல்லாவற்றுக்குமாக அவர்களே வைத்த விலை 2,100 வெள்ளி. அதில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டீர்கள். பூட்டிக் கிடந்த அறை, மூடிய குளம், சாப்பிட முடியாத சாப்பாடு மூன்றுக்குமாக 1,200 வெள்ளி கேட்பது நிதானமான கணக்கு. குடும்பத்தின் அசௌகரியத்துக்கும் ஏமாற்றத்துக்கும் இன்னொரு 1,300 சேர்த்து, மொத்தம் 2,500 வெள்ளி என்று எழுதுவேன். இரண்டாவது தொகையில் மன்றம் கத்தரி வைக்கலாம். முதலாவதில் வைப்பது கடினம், ஏனென்றால் அது எதிர்த்தரப்பின் சொந்த விலைப்பட்டியல்.

போக வேண்டிய இடம் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். தலைமையகம் புத்ராஜெயாவில், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இருக்கிறது, இயங்கலையிலும் பதியலாம். 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கையை அது கேட்கும், ஆனால் 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர்கள் அங்கே ஆஜராக முடியாது. எனக்கு அதில் வருமானம் இல்லை என்பதாலேயே என் பரிந்துரையை நீங்கள் நம்பலாம். கொடுத்த தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். ஒன்று மட்டும் கவனம்: உடல் காயம், மரணம் சம்பந்தப்பட்ட கோரிக்கை இந்த மன்றத்தின் வரம்புக்கு வெளியே. உங்கள் பிள்ளைகள் குளத்தோரம் வழுக்கி விழுந்திருந்தால் இந்தப் பதிலே வேறாக இருந்திருக்கும். நேரே நீதிமன்றத்துக்குத்தான் போயிருக்க வேண்டும்.

விளம்பரத் தாள், ரசீது, புலன உரையாடல், கயிறு கட்டிய குளத்தின் தேதியோடான படம், முகப்பிடத்தில் கொடுத்த புகார் ஆகியவற்றை அச்செடுத்து மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கைப்பட்டை இன்னும் வீட்டில் கிடந்தால் எறிய வேண்டாம். அந்த வவுச்சர் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் மேலே எழுதிய எதுவும் உங்களுக்கு உதவாமல் போகலாம். நடுவர் மன்றத்தில் 1ஆம் படிவத்தைப் பதிய 5 வெள்ளிதான் கட்டணம்.